தேடுகிறவர்களும் தேடப்படுகிறவரும்

பேனா காணாமற்போனால் அம்மா கேட்கும் முதற் கேள்வி, "கடைசியாக எங்கே வைத்தாய்?" என்பதுதானே? நமக்கு எரிச்சலூட்டும் இதே கேள்வியில்தான், காட்டில் வழி தவறியவரைத் தேடும் வேலையும் தொடங்குகிறது.

கனடாவின் மேற்குக் கோடியிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் மலையும் காடும் நிறைந்தது. அங்கே பல ஊர்களில் தேடுதல், மீட்புப் பணிக்கென்று தொண்டர் குழுக்கள் உண்டு. வெவ்வேறு தொழில் செய்வோர் அவற்றில் சேர்ந்து பயிற்சி பெறுகிறார்கள். போலீஸார் அழைத்தால், நடுநிசியானாலும் பனி கொட்டினாலும் புறப்படுகிறார்கள். சம்பளம் கிடையாது; மீட்கப்பட்டவரிடம் கட்டணமும் வாங்குவதில்லை. வான்கூவர் நகரை அடுத்த மலைகளில் பணிபுரியும் நார்த் ஷோர் குழு 1965-இல் தொடங்கியது.

மீட்பு என்றதும் கயிற்றில் தொங்கும் வீரரையே நாம் நினைக்கிறோம். முதல் வேலையோ வரைபடத்தின் முன் உட்கார்ந்து யோசிப்பது. ஒரு சிறுமி மணிக்கு 3 கிலோமீட்டர் நடப்பதாகக் கொள்வோம். எந்தத் திசையில் போனாள் என்பது தெரியாது. ஒரு மணி நேரத்திற்குள் அவள் சென்றிருக்கக்கூடிய இடம், 3 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டம். பரப்பு ஏறத்தாழ 28 சதுர கிலோமீட்டர். இரண்டு மணி நேரமானால் இரு மடங்கா? இல்லை, நான்கு மடங்கு. 113 சதுர கிலோமீட்டர்! (வட்டத்தின் பரப்பளவு எதற்கு உதவும் என்று கணக்கு வகுப்பில் முணுமுணுத்தவர்கள் நாம்தான்.) அவள் நடக்க நடக்க வட்டம் பெருகும், நின்றுவிட்டால் வட்டமும் நின்றுவிடும். தொண்டர்கள் வரிசையாகப் பரவி, ஒரே சமயத்தில் விசில் ஊதிவிட்டு, மூச்சடக்கிக் காது கொடுப்பார்கள். பதில் கேட்க வேண்டுமே!

1981-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பாலோமர் மலையில் 9 வயதுச் சிறுவன் ஒருவன் வழி தவறினான். நூற்றுக்கணக்கானோர் தேடினர். நான்காம் நாள் அவனைக் கண்டனர்; குளிர் அவன் உயிரைக் குடித்திருந்தது. தேடியவர்களுள் ஒருவர், கால்தடம் பார்ப்பதில் பேர்பெற்ற ஆப் டெய்லர். அந்தத் துயரம் தாளாமல் அவரும் நண்பர்களும் "மரத்தைக் கட்டிக்கொள்" என்ற பாடத்தைக் குழந்தைகளுக்கென உருவாக்கினர். கனடாவிலும் தொண்டர்கள் பள்ளிகளுக்குச் சென்று அதைக் கற்பிக்கிறார்கள்.

பாடம் எளியது. வழி தவறியது தெரிந்தவுடன் ஒரு மரத்தருகே நின்றுவிடு. அதையே துணையாகக் கொள். அணைத்துக்கொண்டால் அச்சம் குறையும். விசிலும் பெரிய பிளாஸ்டிக் பையும் வைத்திரு. பையில் முகத்திற்கு ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டால் மழையும் காற்றும் உடம்பில் படா. பெற்றோருக்கும் ஒரு வேலை உண்டு: புறப்படுமுன் மெல்லிய அலுமினியத் தாளைத் துண்டின்மேல் விரித்து, குழந்தையைச் செருப்புடன் மிதிக்கச் சொல்லி, அந்தத் தடத்தைப் பத்திரப்படுத்த வேண்டும். தேடுகிறவர்களுக்கு அதுவே அடையாளம்.

எல்லாவற்றிலும் நம்மை வியக்கவைப்பது வேறொன்று. தம் பெயர் சொல்லி அழைக்கும் குரல் காதில் விழுந்தும் பதுங்கிக்கொள்ளும் குழந்தைகள் உண்டாம். அழைப்பவர் அந்நியர் என்ற பயம்; வீட்டில் அடி விழுமோ என்ற பயமும் உண்டு. ஆகையால், "நீ தொலைந்துபோனால் நாங்கள் கோபிக்கமாட்டோம், கூப்பிட்டால் குரல் கொடு" என்று பெற்றோர் தம் வாயாலேயே முன்கூட்டிச் சொல்லிவைக்க வேண்டுமென்று தொண்டர்கள் கேட்டுக்கொள்கிறார்கள்.