கடலே கழனி

ஒரு நிலத்தை அறிய விரும்புவோர் அந்நிலத்து மக்கள் உண்பதை அறிய வேண்டும். கருப்பொருள்களை வகுத்த தொல்காப்பியர் உணவையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். புவியியல் வகுப்பில் நான் பலமுறை எடுத்துக்காட்டிய இக்கருத்தின் முழுப்பொருள் எனக்கு விளங்கியது கிரீன்லாந்தின் இலுலிசாட் என்னும் சிற்றூரில்தான். கோபன்ஹேகனில் ஒரு கருத்தரங்கிற்குச் சென்றிருந்தபோது, அங்கிருந்து சென்று நான்கு நாள் அவ்வூரில் தங்கும் வாய்ப்புக் கிட்டியது.

ஊரும் உணவகமும்

இலுலிசாட் என்றால் அவர்கள் மொழியில் ‘பனிமலைகள்’ என்று பொருள். ஆர்க்டிக் வட்டத்திற்கு வடக்கே, டிஸ்கோ விரிகுடாக் கரையில், ஏறத்தாழ 5,000 மக்கள் வாழும் ஊர். இதனருகே பனிமலைகள் மிதக்கும் கடற்கழியை 2004ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஊரில் நிழல் தரும் மரமில்லை, உழுவதற்கு நிலமில்லை. அரிசி, மாவு, காய்கறி, பழம் யாவும் கப்பலிலோ விமானத்திலோ வந்து சேர வேண்டும்.

முதல் நாள் உணவகத்தில் கஸ்தூரி எருது இறைச்சியும் பனிமான் இறைச்சியும் விலைப்பட்டியலில் இருந்தன. நான் ஹாலிபட் மீன் வறுவல் வாங்கினேன். அவ்வூர் மீனவர்களின் முதன்மை வருவாய் அந்த மீனே. வெண்மையான, கொழுப்புமிக்க மீன், நாவில் கரைந்தது. உடன் வைத்த நான்கு தக்காளித் துண்டுகளோ என்னைவிட நெடுந்தொலைவு பயணம் செய்து வந்தவையாக இருக்கலாம்!

வீட்டு விருந்து

“அது விருந்தாளிகளுக்கான சாப்பாடு. நாங்கள் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டாமா?” என்றார் நான் தங்கிய வீட்டு அம்மையார். மறுநாள் அவர் பேரனின் பிறந்தநாள். ‘காஃபெமிக்’ எனப்படும் இத்தகைய விருந்தில் வீட்டுக் கதவு நாள் முழுதும் திறந்திருக்கும். வருவோர் அமர்ந்து, உண்டு, காப்பி குடித்து, அடுத்து வருவோர்க்கு இடம்விட்டு எழுவர்.

முதலில் ‘சுவாசாட்’ வந்தது. சீல் இறைச்சி, வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றோடு அரிசியும் சேர்த்துக் காய்ச்சிய குழம்பு. சோற்றுப் பருக்கையைக் கண்டதும் எனக்கு மனம் நிறைந்தது. அடுத்து ‘மட்டாக்’ வந்தது; நார்வால் திமிங்கலத்தின் தோலும் கொழுப்பும், சிறு சதுரங்களாக நறுக்கியது, பச்சையாக. என்னையறியாமல் முகம் சுளித்தேன். அம்மையார் அதைக் கவனித்துவிட்டார்.

“எங்கள் பாட்டன்மாருக்கு ஆரஞ்சு கிடையாது, ஐயா. இதுதான் இருந்தது” என்றார் அமைதியாக.

தோலில் இருந்த மருந்து

அவர் கூறியது அறிவியல் உண்மை. காய்கனி கிட்டாத நெடும்பயணங்களில் ஐரோப்பிய மாலுமிகள் ஸ்கர்வி நோயால் ஈறு வீங்கி மாண்டனர். அதே பனிநாட்டில் இனூயிட் மக்கள் நலமாக வாழ்ந்தனர். திமிங்கலத் தோலில் 100 கிராமுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி உண்டு. வேகவைத்தால் அதில் ஒரு பகுதி அழியும். பச்சையாக உண்பதன் பயன் இப்போது விளங்கும். வெட்கத்தோடு ஒரு துண்டை வாயிலிட்டேன். நெடுநேரம் மென்றேன். தேங்காய்க் கீற்றை மெல்லுவது போன்ற சுவை.

தொலைவிலிருந்து வந்த நஞ்சு

அம்மையாரின் மகள் கருவுற்றிருந்தார். அவர் மட்டும் மட்டாக்கைத் தொடவில்லை. காரணம் கேட்டேன். கருவுற்ற பெண்கள் கடற்பாலூட்டிகளின் இறைச்சியைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது மருத்துவர் அறிவுரையாம்.

மாணவ நண்பர்களே, இதனை எண்ணிப் பாருங்கள். நிலக்கரி எரியும்போதும் தங்கம் பிரிக்கும்போதும் காற்றில் கலக்கும் பாதரசம் வடக்கே செல்கிறது. மின்சாதனங்களில் பயன்பட்ட பி.சி.பி. என்னும் வேதிப்பொருள்களும் அவ்வாறே சென்றன. இவற்றைக் கட்டுப்படுத்த 2001இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை ஏற்பட்டும், முன்னர்க் கலந்தவை இன்னும் மறையவில்லை. நுண்ணுயிரியிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து சீலுக்கும் திமிங்கலத்திற்கும் ஏறஏற நஞ்சு செறிகிறது. அவ்வூரின் தாய், பிறர் ஆலைகளின் நஞ்சுக்கு அஞ்சித் தன் பாட்டி உண்ட உணவை ஒதுக்குகிறாள். அனல்மின் நிலைய விளக்கொளியில் படிக்கும் நமக்கும் இதில் பங்குண்டு.

“இதையெல்லாம் எப்படித்தான் தின்கிறார்களோ!” என்று இனி வகுப்பில் யாரேனும் வியந்தால், அந்த மட்டாக் தட்டையும் அதைத் தொடாத மகளையும் பற்றிச் சொல்வேன். அவர்களுக்குக் கடலே கழனி. அக்கழனியில் நாம் எதைக் கொட்டினோம் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.