பிள்ளை முகம் வாடியிருக்கிறதா?

ஊரே வாடிவாசல் பக்கம் திரளும்போது, உங்கள் பிள்ளை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறதா? அலங்காநல்லூர்ப் பெற்றோருக்குச் சில குறிப்புகள்:

● தூக்கம், சாப்பாடு, படிப்பு, நட்பு இவற்றில் மாற்றம் இரண்டு வாரம் நீடித்தால், ‘வயசுக் கோளாறு’ என்று விட்டுவிடாதீர்கள்.

● முதலில் 14416-ஐ அழையுங்கள். ‘டெலி மானஸ்’ எனும் அரசு மனநல உதவி எண். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

● நேரில் பார்க்க, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. மாற்றம் தொடங்கிய நாள், தூங்கும் நேரத்தை ஒரு தாளில் குறித்துச் செல்லுங்கள்.

● தனியார் ஆலோசகர் என்றால் படிப்பு, அனுபவம், கட்டணத்தை விசாரியுங்கள்.

● அடி, பாலியல் தொல்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

● ‘சாகணும்’ என்றால் திட்டாதீர்கள், தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தைப் பூட்டிவைத்துவிட்டு, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.