வீட்டில் கோடிங்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கணினி செய்ய வேண்டியதைப் படிப்படியான கட்டளைகளாக எழுதும் நிரலாக்கத்தை, பேச்சு வழக்கில் கோடிங்கை, ஆறேழு வயதிலேயே தொடங்காவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடும் என்ற எண்ணம் இந்தியப் பெற்றோரிடையே வேரூன்றியதில் கல்வியாளர்களைவிட விளம்பரங்களுக்கே பங்கு அதிகம். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கோடிங் பயிற்சியை ஆறாம் வகுப்பில் தொடங்கும் நடுநிலைக் கட்டத்திற்கே பரிந்துரைத்தது. அதே ஆண்டில், பிள்ளைகளுக்கு இணையவழியில் கோடிங் கற்பித்த நிறுவனமொன்றின் விளம்பரங்கள் சிலவற்றைத் திரும்பப் பெறுமாறு இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றம் கூற நேர்ந்தது. ஐந்து முதல் ஏழு வயதினருக்கென ஸ்கிராட்ச் ஜூனியர் என்ற செயலி இருப்பது மெய்யே. ஆயினும் அது கட்டளைக் கட்டங்களைக் கோத்துக் கதை அமைக்கும் விளையாட்டுக் களமே தவிர, வேலைவாய்ப்புக்கான முன்பதிவு அன்று.

கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைக்கே நிரலாக்கம் வரும் என்பதும் ஆய்வுக்கு முன் நிற்காத கருத்து. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், பைத்தான் நிரல்மொழிப் பயிற்சியை முடித்த 36 பேரின் தேர்ச்சியை முன்னுணர்த்துவதில் எண்திறனைவிடப் புதுமொழி கற்கும் திறனே மேலோங்கி நின்றது. அவர்கள் வளர்ந்தவர்கள் என்பதால் இம்முடிவைப் பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்துவது மிகை; கணக்கு மதிப்பெண்ணைக் காட்டிப் பிள்ளையை விலக்கி வைப்பது அதைவிடப் பெரிய மிகை.

நிரலாக்கம் பயின்றால் மூளை கூர்மையடைந்து எல்லாப் பாடங்களிலும் மதிப்பெண் உயரும் என்ற நம்பிக்கைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1967-இல் சீமோர் பேப்பர்ட், வாலி ஃபியூர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோர் சிறாருக்காக உருவாக்கிய லோகோ மொழியில், பிள்ளைகள் திரையிலோ தரையிலோ நகரும் ‘ஆமை’ ஒன்றை முன்னே செலுத்தியும் திருப்பியும் வடிவங்களை வரைந்தனர். 1980-இல் வெளிவந்த ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ நூலில் பேப்பர்ட், இத்தகைய பயிற்சி சிந்திக்கும் முறையையே மாற்றக்கூடும் என்று எதிர்பார்த்தார். ஆனால் நியூயார்க்கின் பேங்க் ஸ்ட்ரீட் கல்லூரியில் ராய் பீ, மிடியன் கர்லண்ட் ஆகியோர் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், லோகோ பயின்ற பிள்ளைகள் வேறு பணிகளைத் திட்டமிடுவதில் பயிலாதவர்களை விஞ்சவில்லை. பின்னர் 2019-இல் 105 ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிட்ட பகுப்பாய்வொன்று, படைப்புச் சிந்தனையிலும் கணிதத்திறனிலும் ஓரளவு பயன் இருப்பதையும், பள்ளித் தேர்ச்சியிலும் எழுத்தறிவிலும் அது மிகவும் குறைந்துவிடுவதையும் காட்டியது. ஆகவே பயனே இல்லை என்பாரும் தவறுகின்றனர். ரேங்க் உயரும் என்று வாக்களிப்போர் இன்னும் அதிகமாகத் தவறுகின்றனர்.

பெற்றோர் கணினித் துறையினராக இருக்க வேண்டும், விலையுயர்ந்த மென்பொருளும் இடையறாத இணைய இணைப்பும் வேண்டும் என்ற அச்சம் இணையப்பக்க வடிவமைப்பில் எளிதாக நீங்கும். தலைப்பு எது, பத்தி எது என்று குறிக்கும் எச்.டி.எம்.எல்., நிறத்தையும் எழுத்தளவையும் வகுக்கும் சி.எஸ்.எஸ்., பொத்தானை அழுத்தினால் என்ன நிகழ வேண்டும் என்று சொல்லும் ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்றையும் கணினியோடு வரும் நோட்பேடிலேயே எழுதலாம். கோப்பின் பெயர் ‘டாட் எச்.டி.எம்.எல்.’ என்று முடியுமாறு சேமித்தால், உலாவி இணையமின்றியே அப்பக்கத்தைத் திறக்கும். இம்மூன்றில் ஜாவாஸ்கிரிப்ட்டே முழுமையான நிரல்மொழி என்பதால், முதலிரண்டை மட்டும் கற்ற பிள்ளை நிரலாக்கம் கற்றுவிட்டதாகக் கொள்வது பொருந்தாது. யூ.டி.எஃப்.-8 என்ற எழுத்துக்குறியீட்டைப் பக்கத்தின் தொடக்கத்தில் அறிவிக்க மறந்தால் தமிழ் எழுத்துகள் சிதைந்து தோன்றக்கூடும். கணினி எழுத்தையும் எண்ணாகவே சேமிக்கிறது என்பதை அந்தச் சிதைவைப் போல் விரைவில் உணர்த்தும் விளக்கம் வேறில்லை.

பிழையைக் கற்றலின் தோல்வியாகக் கருதுவதுதான் இந்நம்பிக்கைகளில் மிகுந்த கேடு விளைவிப்பது. நிரல் சரியா தவறா என்பதைவிட, அதைத் திருத்த முடியுமா என்ற வினாவையே பேப்பர்ட் முதன்மையாகக் கொண்டார். பிழை இருக்கும் இடத்தைத் தேடிக் களையும் பிழைநீக்கமே நிரலாக்கத்தின் பெரும்பகுதி. நிரல் அறிந்த பெற்றோர் இங்கே சறுக்குவது எளிது, ஏனெனில் விடுபட்ட அடைப்புக்குறியைக் கண்டவுடன் அவர்கள் கை தானாகவே அதைத் திருத்திவிடும். நிரல் அறியாத தாயோ தந்தையோ ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று உண்மையான அறியாமையோடு கேட்கும்போது, பிள்ளை வாய்விட்டு விளக்கும் போக்கிலேயே பிழை பல வேளைகளில் பிடிபட்டுவிடும். எனவே பெற்றோர் அருகில் அமர்ந்து கேட்கலாம். விசைப்பலகை பிள்ளையிடமே இருக்கட்டும்.