எழுபது இடங்களில் ஒரு வானிலைச் செய்தி

பேராக் மாநிலத்தின் ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோருக்கு வானிலை என்பது வெறும் செய்தியன்று. அது அன்றாட வருமானத்தோடு தொடர்புடையது. விடியலுக்கு முன்பே மரம் சீவச் செல்வோர் முதலில் வானத்தைத்தான் பார்ப்பர். இரவு மழையில் பட்டை நனைந்திருந்தால், பால் சீவிய கோட்டின் வழியே இறங்காமல் பட்டையின் மீது பரவி வழிந்துவிடும். கிண்ணத்தில் மழைநீர் புகுந்தால், சேர்ந்த பாலும் வீணாகும்.

ஈப்போ நகரின் ஒரு பகுதியான ஜெலாப்பாங்கில் இன்று தோட்டங்களைவிட வீடமைப்புப் பகுதிகளே மிகுதி. ஆயினும், வானிலையை முன்கூட்டியே அறிய வேண்டிய தேவை குறையவில்லை. ஈப்போ, மேற்கே கிளேடாங் மலைத்தொடருக்கும் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடருக்கும் இடைப்பட்ட கிந்தா பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது. காலை வெயிலில் நிலம் சூடேறும்போது ஈரக்காற்று மேலெழுந்து, பிற்பகலில் இடிமேகமாகத் திரள்கிறது. திடலில் விளையாடும் மாணவர், மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் செல்வோர், இரவுச் சந்தையில் கடை போடுவோர் ஆகிய அனைவரையும் இந்த இடிமழை பாதிக்கிறது.

வானிலையை அறியத் திறன்பேசிச் செயலிகள் பல உள்ளன. எனினும், அவற்றைப் பயன்படுத்தத் திறன்பேசியும் இணையமும் வேண்டும். சாதாரணக் கைப்பேசி வைத்திருக்கும் பாட்டிக்கும் குறுஞ்செய்தி சென்று சேரும். ஆகவே, வானிலைத் தகவலைக் குறுஞ்செய்தியாக அனுப்பும் சிறிய செயலி ஒன்றை உருவாக்குவது பயனுள்ள முயற்சியாகும்.

இத்தகைய முயற்சிக்குத் தமிழர் வாழும் புதுச்சேரிக் கடற்கரையில் நல்லதொரு முன்னோடி உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ஆம் ஆண்டு முதல் அங்குள்ள சிற்றூர்களில் தகவல் மையங்களை அமைத்தது. வீராம்பட்டினம் என்னும் மீனவர் ஊரில், அலைகளின் உயரம் பற்றிய முன்னறிவிப்பை இணையத்திலிருந்து பெற்று, ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தனர். மீனவர்கள் அதைக் கேட்டு, கடலுக்குச் செல்வதா வேண்டாமா என்று முடிவு செய்தனர். பின்னர் அந்நிறுவனம் மீனவர்களின் கைப்பேசிக்கே இத்தகவல்களைக் கொண்டு செல்லும் செயலியையும் உருவாக்கியது.

26 டிசம்பர் 2004இல் ஆழிப்பேரலை தாக்கியபோது அம்மையங்களின் அருமை விளங்கியது. நல்லவாடு என்னும் ஊரைச் சேர்ந்த ஒருவர் அப்போது சிங்கப்பூரில் பணிபுரிந்தார். பேரலை பற்றிய செய்தியை அறிந்த அவர், உடனே ஊருக்குத் தொலைபேசியில் தெரிவித்தார். தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் எச்சரிக்கை ஒலித்தது. மக்கள் கடற்கரையை விட்டு அகன்றனர்; ஏறத்தாழ 3,600 பேர் உயிர் தப்பினர். கேட்டுப் பழகிய குரல், தெரிந்த மொழி, தக்க நேரம் ஆகிய மூன்றும் அன்று ஒன்றுசேர்ந்தன.

நாம் உருவாக்கும் செயலி செய்ய வேண்டிய பணிகளும் மூன்று. முதலாவது, தகவலைப் பெறுதல். மலேசிய அரசின் திறந்த தரவுத் தளம், மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் ஏழு நாள் முன்னறிவிப்பைக் கணினி நிரல் படிக்கக்கூடிய வடிவில் வழங்குகிறது. காலை, பிற்பகல், இரவு எனத் தனித்தனியே வரும் இத்தகவல் மலாய்மொழியில் இருக்கும். இரண்டாவது, அதைச் சுருக்கமான தமிழில் தருதல். 'ரிபுட் பெத்திர்' என வருவதை 'இடிமழை' என மாற்றும் சொற்பட்டியலை நாமே அமைக்க வேண்டும். மூன்றாவது, பதிவு செய்தோரின் எண்களுக்குக் குறுஞ்செய்திச் சேவை வழியாக அனுப்புதல்.

இவற்றுள் இரண்டாவது பணியே மொழித்திறனைச் சோதிக்கும். ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 1,120 பிட்டு மட்டுமே. ரோமன் எழுத்து ஒன்றுக்கு 7 பிட்டு போதும். ஆகவே 160 எழுத்துகள் அடங்கும். தமிழுக்கு ஓர் இடத்திற்கு 16 பிட்டு தேவை. ஆகவே 70 இடங்களே கிடைக்கும். மேலும், கணினி புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் தனித்தனியே எண்ணும். 'மழை' நமக்கு இரண்டு எழுத்து. கணினிக்கு ம, ழ, ஐகாரக் குறி என மூன்று இடங்கள்.

பின்வரும் செய்தியைப் பாருங்கள்: "இன்று பிற்பகல் ஈப்போவில் சில இடங்களில் இடிமழை வரலாம். திடலில் நிற்காதீர்." இடைவெளிகளையும் சேர்த்து இதற்கு 73 இடங்கள் வேண்டும். மூன்று இடங்கள் மிகுவதால் இது இரு குறுஞ்செய்திகளாகப் பிரியும், கட்டணமும் இரட்டிப்பாகும். எச்சொல்லை நீக்கலாம்? 'இன்று' என்பதை நீக்கினால், தாமதமாகப் படிப்பவர் நாளைக் குழப்பிக்கொள்வார். 'சில இடங்களில்' என்பதை நீக்கினால், ஈப்போ முழுவதும் மழை பெய்யும் என்று பொருள்படும். அதற்குப் பதிலாக 'ஆங்காங்கே' என்று எழுதினால் செய்தி 69 இடங்களில் அடங்கும், பொருளும் மாறாது. சொல்வளம் உடையவருக்கே இத்தகைய சுருக்கம் கைகூடும்.

செயலியை இயக்குவோர் சிலவற்றைக் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும். அனுப்பும் முன் முன்னறிவிப்பின் தேதியை நிரல் சரிபார்க்க வேண்டும்; புதிய தகவல் வரவில்லையெனில், நேற்றைய தகவலை இன்றையதாக அனுப்பக்கூடாது. நாள்தோறும் தேவையின்றி எச்சரித்தால், மக்கள் படிப்பதையே நிறுத்திவிடுவர். ஆதலால், இடிமழைக்கு வாய்ப்புள்ள நாளில் மட்டும் அனுப்புவது நன்று. வீட்டை விட்டுப் புறப்படும் முன் செய்தி சேர வேண்டும். தொலைபேசி எண்களை உரியவரின் ஒப்புதலோடு மட்டுமே பதிய வேண்டும். பிறருக்குக் கொடுத்தல் கூடாது.

செயலி முடிந்ததும், முதல் செய்தியை உங்கள் வீட்டில் உள்ள மூத்தவரிடம் காட்டுங்கள். "இதைப் படித்ததும் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "துணியை வெளியே காயப்போட மாட்டேன்; பேரனைத் திடலுக்கு அனுப்ப மாட்டேன்" என்று அவர் சொன்னால், உங்கள் செய்தி ஜெலாப்பாங் மக்களுக்கு அனுப்பத் தகுதியானதுதான். அவர் விளக்கம் கேட்டால், மீண்டும் சொற்களைத் தேடுங்கள்.