சென்னையில் மூன்று மாத அலுவலகம்: கதவுள்ள அறையாகப் பாருங்கள்

நாலைந்து பேரோடு மூன்று மாத வேலையாகச் சென்னைக்கு வருகிறீர்களா? தங்கும் அறையைத் தேடுவதற்கு முன் உட்கார்ந்து வேலை செய்ய இடம் பாருங்கள். தனிக் கட்டடத்தில் அலுவலகம் பிடித்தால் பல மாத அட்வான்ஸ், மேசை நாற்காலி, இணைய இணைப்பு, ஏ.சி. மாட்ட ஆள் என்று முதல் மாதம் அலைச்சலிலேயே போய்விடும். கோ-வொர்க்கிங் இடத்தில் இதெல்லாம் தயாராக இருக்கும். திங்கட்கிழமை காலை லேப்டாப்போடு போனால் அன்றைக்கே வேலை ஓடும்.

ஆனால் பொது ஹாலில் மேசை எடுக்காதீர்கள். கூடுதல் செலவானாலும் கதவுள்ள கேபினாக எடுங்கள். நான் ஒரு மாதம் பொது மேசையில் இருந்து பார்த்தவன். வாடிக்கையாளரிடம் விலை பேச வேண்டுமென்றால் போனோடு மாடிப்படிக்குப் போக வேண்டும். ஒருநாள் அப்படி நின்றுகொண்டே பேசியதில் பழைய தொகையைச் சொல்லிவிட்டேன். திருத்தப்பட்ட தாள் மேசையிலேயே இருந்தது. அடுத்த மாதமே கேபினுக்கு மாறினோம். முதல் நாள் மாலை வெள்ளைப் பலகையில் போட்ட கணக்கு மறுநாள் காலையிலும் அழியாமல் இருந்தது. அந்த நிம்மதிக்கே வாடகை தகும்.

இடத்தைப் பொறுத்தவரை என் முதல் சிபாரிசு கிண்டி. விமான நிலையத்திலிருந்து நேராக மெட்ரோ வருகிறது. பக்கத்திலேயே கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில். குழுவில் ஒருவர் தாம்பரத்திலும் இன்னொருவர் அண்ணா நகரிலும் தங்கினாலும் சிரமமில்லை. வாடிக்கையாளர்கள் ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலையில்) இருந்தால் தரமணிப் பக்கம் பாருங்கள். 2000-இல் திறந்த டைடல் பார்க்குக்கு அருகிலேயே திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையம் இருக்கிறது. மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி நடக்கும் அந்தச் சாலையில் காரை நம்புவதைவிட ரயிலை நம்பலாம்.

படத்தைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். வேலை நாளில், பகல் பதினொரு மணிக்கு நேரில் போங்கள். கேபினுக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்துங்கள்; கூட வந்தவரைப் பக்கத்துக் கேபினில் சாதாரணக் குரலில் பேசச் சொல்லுங்கள். கண்ணாடித் தடுப்பு ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றுவிட்டால் அதற்கு மேலிருக்கும் இடைவெளி வழியாகப் பேச்சு அப்படியே இந்தப் பக்கம் வரும். பிறகு நிமிர்ந்து ஏ.சி. எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சென்ட்ரல் ஏ.சி. என்றால் மாலையில் எத்தனை மணிக்கு நிறுத்துவார்கள் என்று கேளுங்கள். வெளிநாட்டு வாடிக்கையாளரோடு இரவு எட்டு மணிக்குப் பேசுகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. ஏ.சி. நின்றுவிட்டால் ஜன்னல் திறக்காத கண்ணாடி அறையில் அரை மணி நேரம்கூட உட்கார முடியாது.

ஜெனரேட்டர் ஏ.சி.க்கும் சேர்த்தா, விளக்குக்கும் இணையத்துக்கும் மட்டுமா என்றும் கேளுங்கள். மின்வாரியம் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளில் காலை 9 முதல் பிற்பகல் 2 வரைகூட ஆகலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருகிறவர்கள், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையின்போது வாசல் சாலையில் தண்ணீர் நின்றதா என்று எதிர்த்த டீக்கடையில் விசாரியுங்கள்.

வாடகையைப் பெரும்பாலும் இருக்கைக் கணக்கில் சொல்வார்கள். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, 10,000 என்றால் நீங்கள் கட்டுவது 11,800. உங்கள் நிறுவனத்துக்கு ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் பெரும்பாலும் அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம். மீட்டிங் ரூம் மாதம் எத்தனை மணி நேரம் இலவசம், பிரிண்ட், பைக் பார்க்கிங், ஞாயிற்றுக்கிழமை அனுமதி எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். அந்த முகவரியில் ஜி.எஸ்.டி. பதிவு செய்ய நினைத்தால் ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, தடையின்மைக் கடிதம் மூன்றையும் தருவார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் லாக்-இன் காலத்தைப் படியுங்கள். மூன்று மாத வேலைக்கு ஆறு மாத லாக்-இன் போட்டால் காலி அறைக்கு வாடகை கட்ட நேரும். சாவி வாங்கும் அன்றே சுவர், நாற்காலி, தரைவிரிப்பு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அவர்களுக்கே மெயிலில் அனுப்பிவிடுங்கள். டெபாசிட்டைத் திரும்பக் கேட்கும் நாளில் அந்த மெயில் உதவும்.