குருவிக்கு ஒரு பிடி: கொட்டாங்கச்சியில் தீனித் தட்டு



ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பில் ஐந்து முதல் எட்டு வயது வரையிலான பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நம்மில் பலருக்கு இருக்கிறது. தேவாரம் பாடி, கதை சொல்லி முடித்த பிறகு அரை மணி நேரம் மிஞ்சும். அந்த நேரத்தில் கைக்கு ஒரு வேலை கொடுத்தால் போதும், பசங்க அசைய மாட்டாங்க. இந்த மாதப் பாடம் அதற்காகத்தான். கோயிலில் உடைத்த தேங்காயின் ஓட்டை வைத்துப் பறவைகளுக்கு ஒரு தீனித் தட்டு செய்யப் போகிறோம்.

எதற்காக இது?

இல்லறத்தார் தினமும் செய்ய வேண்டியவை என்று நம் சமயம் ஐந்து வேள்விகளைச் சொல்கிறது. அதில் ஒன்று பூத யக்ஞம், அதாவது மற்ற உயிர்களுக்கு உணவு தருவது. இருப்பதைப் பகிர்ந்து உண்டு பல உயிர்களையும் காப்பதே அறங்களில் தலையாயது என்று திருக்குறளும் 322ஆம் குறளில் சொல்கிறது. வாசலில் அரிசி மாவில் கோலம் போடுவதும், அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைப்பதும் இந்த வழியில் வந்த பழக்கங்கள்தான்.

இந்தப் பழக்கங்களை உற்றுப் பார்த்தால் ஒன்று புரியும். கோலத்துக்கு ஒரு கைப்பிடி மாவு. காக்கைக்கு ஒரு இலையில் ஒரு உருண்டை. இரண்டுக்கும் அளவு உண்டு, நேரம் உண்டு, இடம் உண்டு. நம் பெரியவர்கள் மூட்டையைப் பிரித்துக் கொட்டவில்லை. பிள்ளைகளுக்குப் போய்ச் சேர வேண்டியது இந்தக் கருத்துதான். தீனி போடுவது யாருக்கும் வரும். அளவோடு போட்டு, மிச்சத்தைக் கூட்டி எடுப்பதுதான் தருமம்.

கிள்ளான் காக்கையின் கதை

இதை வகுப்பில் கதையாகச் சொல்லுங்க. கிள்ளானில் நாம் பார்க்கும் சாம்பல் கழுத்துக் காக்கை இந்த மண்ணின் பறவை இல்லை. 19ஆம் நூற்றாண்டு முடிந்து 20ஆம் நூற்றாண்டு தொடங்கிய காலத்தில், காப்பித் தோட்டங்களை அழித்த புழுக்களைத் தின்பதற்காக அதை இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டு வந்தார்கள். தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்த நம் முன்னோர்களைப் போலத்தான் அதுவும் வந்தது.

காப்பி போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. காக்கை மட்டும் போகவில்லை. மூடாத குப்பைத் தொட்டி, சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம், சந்தைக் கழிவு என்று அதற்குச் சாப்பாடு குறையவே இல்லை. கூட்டம் பெருகியது. எச்சமும் சத்தமும் தாங்க முடியவில்லை என்று மக்கள் புகார் செய்ய, கிள்ளானில் நகராட்சி பல முறை துப்பாக்கியோடு ஆள் வைத்துக் காக்கைகளைச் சுட வேண்டி வந்தது.

தவறு காக்கையிடம் இல்லை. நாம் அளவில்லாமல் விட்ட சாப்பாடுதான் கடைசியில் அதற்குக் குண்டாகத் திரும்பியது. பத்துமலையில் முருகன் சிலைக்கு முன்னால் கூடும் புறாக்களையும் பிள்ளைகளுக்கு நினைவுபடுத்துங்க. எல்லாருக்கும் தெரிந்த காட்சி அது. தீனி கூடினால் கூட்டம் கூடும், எச்சமும் கூடும். காய்ந்த புறா எச்சத்தில் நுரையீரலைப் பாதிக்கும் பூஞ்சை வளரும். அதனால் நம் தட்டு சின்னப் பறவைக்கு, சின்ன அளவில்.

தேவையானவை

ஒரு பிள்ளைக்கு: ஒரு தேங்காயின் இரண்டு பாதி ஓடுகள், 60 செண்டிமீட்டர் நீளத்தில் மூன்று கெட்டிக் கயிறுகள், உப்புத்தாள், அளவுகோல். தீனிக்கு நெல் அல்லது கம்பு. செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும்.

செய்முறை

1. ஓட்டில் ஒட்டியிருக்கும் தேங்காயை நன்றாகச் சுரண்டி எடுத்து, கழுவி, வெயிலில் காய வையுங்க. ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும்.

2. பிள்ளைகள் உப்புத்தாளால் விளிம்பைத் தேய்க்கட்டும். பறவையின் காலில் சிலாம்பு குத்தக்கூடாது என்று காரணத்தையும் சொல்லுங்க.

3. கண் உள்ள பாதிதான் தட்டு. தேங்காயின் மூன்று கண்ணில் ஒன்று மட்டும் மெல்லியதாக இருக்கும். அது எது என்று பிள்ளைகளே தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும். அதைக் குத்தித் திறந்தால் மழைத் தண்ணீர் வடிய வழி ரெடி. கண் இல்லாத பாதி கூரை.

4. இரண்டு ஓட்டிலும் விளிம்புக்குச் சற்று உள்ளே, சம தூரத்தில் மும்மூன்று துளைகள் போட வேண்டும். டிரில் பிடிப்பது பெரியவர் மட்டும். பிள்ளைகள் இரண்டு அடி தள்ளி நிற்கட்டும்.

5. ஒவ்வொரு கயிற்றையும் தட்டின் துளையில் கட்டுங்க. அங்கிருந்து 5 செண்டிமீட்டர் அளந்து ஒரு முடிச்சு. பிறகு கயிற்றைக் கூரையின் துளை வழியாக மேலே இழுத்தால், கூரை மூன்று முடிச்சுகள் மேலும் உட்காரும். மேலே மூன்று கயிற்றையும் சேர்த்துக் கட்டினால் வேலை முடிந்தது.

பொறியியல் படிக்கிறவன் என்பதால் இரண்டு விஷயம் சேர்த்துச் சொல்கிறேன். ஏன் மூன்று கயிறு? மூன்று என்றால் மூன்றும் பாரம் தாங்கும். நான்கு கட்டினால் ஒன்று கொஞ்சம் நீளமாகி, தொய்ந்து சும்மா தொங்கும். ஏன் 5 செண்டிமீட்டர்? ஒரு சிட்டுக்குருவியின் எடை 20 முதல் 25 கிராம்தான். காக்கையும் மாடப்புறாவும் ஏறக்குறைய 300 கிராம். அந்தச் சின்ன இடைவெளியில் குருவி தலையை நுழைத்துச் சாப்பிடும். பெரிய பறவைக்கு உட்காரவும் இடமில்லை, ஆடாமல் நிற்கவும் முடியாது. துப்பாக்கி இல்லாமல் கூட்டத்தைக் கட்டுப்படுத்த இந்த ஒரு அளவு போதும்.

"அண்ணா, அப்போ காக்கா பாவம் இல்லையா?" என்று ஒரு வாண்டு கட்டாயம் கேட்கும். நல்ல கேள்வி. காக்கை தன் கூட்டத்தைக் கூப்பிட்டுச் சாப்பிடும் குணத்தை வள்ளுவரே பாராட்டியிருக்கிறார் என்று சொல்லுங்க. அமாவாசைக்குப் பாட்டி வைக்கும் உருண்டை அதற்கு உண்டு. அது சாப்பிட்டு முடித்ததும் இலையை எடுத்துக் குப்பையில் போடுவது பேரப்பிள்ளையின் வேலை.

எங்கே தொங்கவிடலாம்?

தரை வீடு என்றால் மரக்கிளையில், பூனை தாவ முடியாத உயரத்தில். பிரிக்பீல்ட்ஸ் மாதிரி அடுக்குமாடி உள்ள இடங்களில் கவனம் தேவை. மாடிக் கம்பிக்கு வெளியே எதையும் தொங்கவிடவே கூடாது. பத்தாவது மாடியிலிருந்து விழும் ஒரு தேங்காய் ஓடு கீழே நடப்பவரின் உயிரை எடுக்கும். மேல்மாடியில் இருப்பவர்கள் தட்டை வகுப்பு நடக்கும் இடத்து மரத்திலேயே, நிர்வாகத்திடம் கேட்டுவிட்டு, மாட்டட்டும்.

எவ்வளவு, எப்போது?

ஒரு நாளைக்கு ஒரு மேசைக்கரண்டி. காலையில் வைத்து, மதியத்துக்குள் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். இரவில் தானியம் கிடந்தால் எலி வரும். நம் ஊரில் பனிக்காலம் கிடையாது. பூச்சியும் பழமும் வருடம் முழுக்க உண்டு. நாம் போடாவிட்டால் குருவி பட்டினி கிடக்கும் என்று பிள்ளைகள் பயப்படத் தேவையில்லை. ஊருக்குப் போனால் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகலாம்.

உப்புப் போட்ட சோறு, ரொட்டி சானாய், முறுக்கு, பிஸ்கட் வேண்டாம். சமைத்த சோறு இந்த வெயிலிலும் ஈரத்திலும் சீக்கிரம் ஊசிப்போகும். வாரம் ஒரு முறை தட்டைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் காய வையுங்க. தொட்ட பிறகு கையும் கழுவணும். செத்த பறவையைப் பிள்ளைகள் தொடக்கூடாது, பெரியவரைக் கூப்பிடணும்.

பக்கத்தில் தண்ணீர் வைப்பதாக இருந்தால் இரண்டு விரல் ஆழம் போதும். தினமும் மாற்றுங்க. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். முட்டை பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிக்கொள்வதால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது, தேய்த்துக் கழுவினால்தான் போகும். குருவிக்குத் தண்ணீர் வைக்கப் போய் பக்கத்து வீட்டுக்கு டெங்கிக் காய்ச்சல் கொடுத்தால் அது புண்ணியக் கணக்கில் சேராது.

பார்த்து எழுதும் நோட்டு

தட்டு தொங்கிய முதல் சில நாள் ஒன்றும் வராது. பறவைக்குப் பழகணும். பிள்ளைகளிடம் பொறுமையைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. தினமும் ஐந்து நிமிடம், சத்தமில்லாமல் பார்த்து, வந்த பறவையை ஒரு நோட்டில் வரையட்டும். கன்னத்தில் கறுப்புப் புள்ளி, தலையில் செம்பழுப்பு நிறம் என்றால் அது நம் ஊர்ச் சிட்டு. தமிழ்நாட்டுச் சிட்டுக்குருவியின் உறவு, ஆனால் வேறு இனம். கூட்டமாக வந்து புல் விதை தின்னும் குட்டிப் பறவை சில்லை. மலாய்க்காரர்கள் அதை பிப்பிட் என்பார்கள்.

தேன்சிட்டு தட்டுக்கு வராது. அதற்குச் செம்பருத்தியும் இட்லிப்பூவும் வையுங்க. பூந்தொட்டியில் பூச்சிமருந்து அடிக்காதீங்க. சிட்டுக்குருவி தன் குஞ்சுக்குப் பூச்சியைத்தான் ஊட்டும்.

வகுப்பில் கேட்க நான்கு கேள்விகள்

1. பூத யக்ஞம் என்றால் என்ன? உங்கள் வீட்டில் யார் அதைச் செய்கிறார்கள்?
2. கிள்ளானுக்குக் காக்கை எப்படி வந்தது? அதைச் சுடும் நிலை ஏன் வந்தது?
3. தட்டுக்கும் கூரைக்கும் நடுவில் 15 செண்டிமீட்டர் விட்டால் என்ன நடக்கும்?
4. இன்று மதியம் மிச்சத்தை எடுத்துக் கழுவப் போவது யார்?

நான்காவது கேள்விக்குக் கை தூக்கும் பிள்ளையின் பெயரைப் பலகையில் எழுதுங்க. அடுத்த வாரம் வேறொரு பெயர் வரட்டும்.