இரு மழையும் வீட்டு விளையும்

“ஆடிப் பட்டம் தேடி விதை” என்னும் பழமொழியை அறியாத குடியானவர் தமிழ்நாட்டில் இலர். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் அது நன்கு பொருந்தும் சொல். ஆடியில் இட்ட விதை வேரூன்றி நிற்கும் வேளையில் ஐப்பசி மழை வந்து அதனை வளர்த்துவிடுகிறது. கன்னியாகுமரி மாவட்டத்திலோ இதனை அப்படியே கைக்கொள்ளும் வீட்டுத் தோட்டக்காரர் பலமுறை ஏமாற்றம் அடைகின்றனர். அவர்களுள் நாமும் ஒருவர். ஓராண்டு, அச்சிட்ட பயிர் அட்டவணை ஒன்றை நம்பி, கல்குளம் பகுதியிலுள்ள நமது விளையில் ஆடி முதல் வாரத்தில் வெண்டையும் மிளகாயும் நேரே விதைத்தோம். விடாத சாரலில் மிளகாய் விதை அழுகிற்று. முளைத்த வெண்டை மஞ்சளித்து நின்றது. அடுத்த வீட்டு மூதாட்டியாரோ சித்திரைக் கடைசியில் விதைத்த வெண்டையில் அப்போது காய் பறித்துக்கொண்டிருந்தார். வேறு மாவட்டத்து மழையை மனத்திற்கொண்டு அவ்வட்டவணை எழுதப்பட்டது என்பது பின்னரே நமக்கு விளங்கிற்று.

இம்மாவட்டம் இரண்டு பருவமழைகளையும் ஏறத்தாழ ஒத்த அளவில் பெறுவது. இடவப்பாதி என்று மூத்தோர் கூறும் தென்மேற்குப் பருவமழை வைகாசி நடுவில், அதாவது ஜூன் முதல் நாளை ஒட்டித் தொடங்குகிறது. துலா மழை எனப்படும் வடகிழக்குப் பருவமழை ஐப்பசித் தொடக்கத்தில் வந்து கார்த்திகைவரை நீடிக்கிறது. நாஞ்சில் நாட்டு வயல்களின் கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு போகங்களும் இவ்விரு மழைகளின் குழந்தைகளே. 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணை அவ்வயல்களுக்கு உறுதியளித்தது. வீட்டு விளைக்கு அணை நீர் வருவதில்லை. அதற்கு வானமும் கிணறுமே துணை. ஆகையால் எதை எப்போது நடுவது என்னும் கேள்வி வயலைக் காட்டிலும் விளைக்கே மிகுதியாகப் பொருந்துகிறது.

மாவட்டம் முழுவதும் ஒரே தன்மையது என்றும் எண்ணிவிடக் கூடாது. 1956 நவம்பர் முதல் நாளன்று இது சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது இருந்த நான்கு தாலுகாக்களை வைத்துப் பேசுவோம். மேற்கே விளவங்கோடும் கல்குளமும் மலையின் மேற்குச் சரிவில் அமைந்து இடவப்பாதியை முழுவதும் வாங்கிக்கொள்கின்றன. கிழக்கே தோவாளையில் அதே ஆனி, ஆடி மாதங்களில் மழை குறைந்து, ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றே ஓங்கி வீசுகிறது. முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமும் அதுவே. தெற்கே அகத்தீசுவரத்தில், குமரி முனையை நெருங்க நெருங்க, மழையும் குறைகிறது. எனவே விளவங்கோட்டார் ஒருவர் சொல்லும் நடவு நாளைத் தோவாளையார் கேட்டு வைத்துக்கொள்ளலாம். அப்படியே பின்பற்றுதல் கூடாது.

விதை வாங்குமுன் நம் விளையை நாமே ஓராண்டு உற்று நோக்குதல் நலம். மழை நீர் எந்த மூலையில் தேங்குகிறது, காற்று எத்திசையிலிருந்து அடிக்கிறது, பங்குனியில் கிணற்றில் எத்தனை அடி நீர் நிற்கிறது, தென்னையின் நிழல் எங்கு விழுகிறது என்பனவே அறிய வேண்டியவை. இவற்றுள் நிழலைப் பெரும்பாலோர் மறந்துவிடுகின்றனர். இருபத்தைந்தடி இடைவெளியில் வைத்த தென்னையின் கீழ் முதல் ஏழெட்டு ஆண்டுகள் வெயில் தாராளமாக விழும். அதன்பின் இருபத்தைந்து வயதுவரை ஓலை தாழ்ந்து நின்று தரையை மூடும். மரம் மேலும் உயர்ந்தபின் மீண்டும் வெயில் புகும். நடுக்காலத்துத் தோப்பின் கீழே வழுதலையும் மிளகாயும் வெண்டையும் வைத்துவிட்டு, காய்க்கவில்லையே என்று உரத்தின்மீது குறை கூறுவோர் உளர். அங்கே சேம்பு, சேனை, காய்ச்சில், மஞ்சள், இஞ்சி ஆகியவையே பொருந்தும்.

கிழங்குகளின் கணக்கு மாசியில் தொடங்குகிறது. கும்ப மாதத்தில் நட்ட சேனை குடம்போலப் பருக்கும், மீனத்தில் நட்டது மீன்கண்ணளவே ஆகும் என்று மலையாள வழக்கில் ஒரு பழமொழி உண்டு. மிகைப்படுத்திய சொல்லாயினும் கருத்துச் சரியானது. மாசியில் குழியிலிட்டுச் சருகால் மூடிய சேனைத் துண்டு, கோடை மழையின் ஈரத்திலேயே முளைத்து, இடவப்பாதி வரும்போது இலை விரித்து நிற்கும். காய்ச்சிலைப் பங்குனி, சித்திரையில் ஊன்றி மரத்தில் ஏற்றிவிடலாம். சிறுகிழங்கின் கொடியை ஆவணி, புரட்டாசியில் கிள்ளி நட வேண்டும். இவையெல்லாம் தைப்பொங்கலுக்குள் வெட்டுக்கு வந்துவிடும். பொங்கலன்று கிழங்கு இல்லாத வீடு நம் பக்கத்தில் அரிது. பழைய நடவு நாட்களை அந்தத் திருநாளிலிருந்து பின்னோக்கி எண்ணியே வகுத்தனர் போலும்.

மரச்சீனியைப் பற்றித் தனியே கூற வேண்டும். திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆட்சி செய்த விசாகம் திருநாள் மன்னர் இப்பயிரைப் பரப்பினார். 1942-இல் பர்மாவிலிருந்து வந்த அரிசி நின்றபோது, அன்று திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த நம் மாவட்டத்து மக்களின் பசியைப் பெருமளவு தணித்தது விளைகளில் நின்ற மரச்சீனியே. அந்த நன்றியால் இன்றும் எந்த இடமும் பாராமல் அதனை ஊன்றிவிடுகிறோம். தாழ்ந்த நிலத்தில், பத்து மாதம் நிற்கும் வகையைச் சித்திரையில் ஊன்றினால், கிழங்கு முற்றும் முன்பே கார்த்திகை வெள்ளம் வந்து அழுக வைத்துவிடும். 2021 நவம்பர் வெள்ளத்தில் நாம் கண்டது இதுவே. திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கிவரும் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம், ஸ்ரீ ஜெயா, ஸ்ரீ விஜயா என்று ஆறு, ஏழு மாதத்தில் வெட்டக்கூடிய வகைகளை வெளியிட்டுள்ளது. தாழ்ந்த விளைக்காரர் இவற்றைச் சித்திரைத் தொடக்கத்திலேயே வரம்பெடுத்து ஊன்றினால் துலா மழை வலுக்குமுன் கிழங்கை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம்.

வாழையிலும் காலக் கணக்கே பெரிது. ஏத்தன் வாழை நட்ட ஏழாம் மாதத்தை ஒட்டிக் குலை தள்ளி, பத்து, பதினோரு மாதத்தில் வெட்டுக்கு வரும். தண்ணீர் இருக்கிறதே என்று சித்திரையில் நட்டவரின் வாழை ஐப்பசி, கார்த்திகையில் குலையைச் சுமந்து நிற்கும். 2017 நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் வீசியபோது இம்மாவட்டத்தில் சாய்ந்த வாழைகள் கணக்கிலடங்கா. புரட்டாசிக் கடைசியில் மேடெடுத்து நட்டால் புயல் மாதங்களில் அது சிறு கன்றாகத் தாழ்ந்து நிற்கும். குலை வெட்டும் நாள் ஆவணியில் ஓணச் சந்தையை ஒட்டி வரும். தோவாளைப் பக்கத்தார்க்கு மட்டும் இதிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு: ஆடிக் காற்றில் குலை நிற்கும் என்பதால் முட்டுக்கொடுத்தே ஆக வேண்டும், அல்லது வீட்டுச் சுவரின் மறைவில் நட வேண்டும். செந்துளுவன் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு எடுத்துக்கொள்வதால் ஒரு துலா மழையையேனும் சந்தித்தே தீரும். ஆகவே வீட்டு விளையில் ஒன்றிரண்டுக்கு மேல் வேண்டுவதில்லை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டி வாழைக்கு ஒரு மூலை ஒதுக்குதல் நன்று. குழந்தைக்கு முதலில் ஊட்டும் பழம் அதுவே.

இனி காய்கறிகளைப் பார்ப்போம். ஒருவர் நாள்தோறும் காயும் கனியுமாகக் குறைந்தது 400 கிராம் உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஐவர் கொண்ட குடும்பத்திற்கு நாளொன்றுக்கு இரண்டு கிலோ ஆகிறது. மரச்சீனி போன்ற மாவுக் கிழங்குகள் இக்கணக்கில் சேரா என்பது கவனிக்கத்தக்கது. கிழங்கு நிறைந்த விளையும் காய்க்குச் சந்தையை நம்பியிருக்கலாம். அவியலுக்குப் பல காயைக் கூட்டுவதுபோலவே விளையிலும் ஒவ்வொன்றிலும் சிறிது சிறிதாக வைத்தல் வேண்டும். இருபது மூடு வெண்டையை ஒரே நாளில் விதைத்துப் பத்து நாள் அண்டை வீடுகளுக்கு வழங்கிப் பின் ஒரு மாதம் வெறுங்கையோடு நிற்பதில் பயனில்லை.

மழையில் விதைப்பதைக் காட்டிலும் மழைக்கு முன் விதைப்பதே நம் மாவட்டத்தின் முறை. வழுதலை, மிளகாய் நாற்றைச் சித்திரையிலேயே ஓலைக் கீற்றின் மறைவில் வளர்த்து, வைகாசிக் கடைசியில் மேட்டுப் பாத்தியில் நட்டுவிட்டால், வேர் பிடித்த செடி மழையைத் தாங்கும். மேற்கின் செம்மண்ணில் வழுதலை திடீரென்று தலை சாய்ந்து வாடுவதுண்டு. வாடிய தண்டை வெட்டி ஒரு கண்ணாடிக் குவளை நீரில் தொங்கவிட்டால், வெட்டு வாயிலிருந்து பால்போல ஒழுக்கு இறங்கும். அங்ஙனம் இறங்கினால் அது பாக்டீரியா வாடல் நோய். அச்செடியை வேரோடு அகற்றி, அவ்விடத்தில் அடுத்தடுத்த ஆண்டுகளில் வழுதலை, மிளகாய், தக்காளி மூன்றையும் தவிர்த்துப் பயற்றையோ கீரையையோ வைக்க வேண்டும். புடல், பாகல், பீர்க்குக் கொடிகளை மார்கழிக் கடைசியிலோ தைத் தொடக்கத்திலோ இட்டால் பழ ஈயின் தொல்லை குறைவு. மழைக்காலப் பந்தலில் பிஞ்சு ஒவ்வொன்றையும் காகித உறையிட்டுக் காக்க வேண்டியிருக்கும்.

அவரை ஒன்றில் மட்டும் ஆடிப் பழமொழி நம் ஊரிலும் தவறுவதில்லை. நாட்டுக் கொடி அவரையும் சிறகவரையும் பகற்பொழுது குறுகும்போதே பூக்கும் இயல்புடையவை. மாசியில் ஊன்றினால் கொடி கூரையேறிப் பரவுமேயன்றிப் பூவைக் காண இயலாது. ஆடி, ஆவணியில் இட்டால் ஐப்பசிக்குமேல் பூத்து, சந்தையில் காய் அருகும் மார்கழியில் கை நிறையக் காய்க்கும்.

தைக்குப் பின் வானம் தெளிகிறது. வெள்ளரி, தடியங்காய், பூசணி இவற்றிற்கு இதுவே காலம். தை இறுதியில் இட்ட வெள்ளரி சித்திரை முதல் நாள் கனி காண்பதற்கு ஆகும். கிணற்று நீர் எவ்வளவு எட்டும் என்று பார்த்தே கோடைப் பாத்தியின் எண்ணிக்கையை முடிவு செய்க. முருங்கை கோடையில் காய்ப்பது. மழையில் பூவை உதிர்ப்பது. நீர் தேங்கினால் பட்டுப்போவது. ஆதலின் அகத்தீசுவரத்தில் அது கேளாமலே காய்க்கிறது. விளவங்கோட்டில் மேட்டு மூலையைத் தேடிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

நெடுநாள் மரங்களும் கொடிகளும் இடவப்பாதிக்கு உரியவை. மிளகுக் கொடியைத் திருவாதிரை ஞாற்றுவேலையில், ஜூன் 22-ஐ ஒட்டிய இரு வாரங்களில் நடுவது மரபு. அயல்நாட்டார் மிளகுக் கொடியைக் கொண்டுபோனபோது, ‘கொடியைத்தானே கொண்டுபோவர், நம் ஞாற்றுவேலையைக் கொண்டுபோக முடியுமோ’ என்று சாமூதிரியின் அவையில் சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. பலா வைப்போர் பேச்சிப்பாறைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் ‘பேச்சிப்பாறை 1’ ஒட்டுக் கன்றைக் கேட்டு வாங்கலாம். அது சித்திரை முதல் ஆனிவரையிலும், மீண்டும் கார்த்திகையை ஒட்டியும் இருமுறை காய்க்கும் வகை.

ஊராட்சிப் பணியில் உள்ளோர்க்கு ஒரு சொல். கிராம சபை கூடும் நாட்களுள் மே முதல் நாள் இடவப்பாதிக்கு ஒரு மாதம் முன்பும், அக்டோபர் 2 துலா மழைக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பும் அமைந்துள்ளன. மே மாதக் கூட்டத்தில் எந்தெந்த ஓடை அடைபட்டு யார் விளையில் நீர் தேங்குகிறது என்பதைக் கேட்டு எழுதி, அம்மாதத்திலேயே தூர் எடுத்துவிட்டால் தாழ்ந்த விளைக்காரரின் மரச்சீனி பிழைக்கும். ஓடையை ஒருவர் மண்ணிட்டு உயர்த்துவதால் மற்றொருவர் பயிர் அழுகுவது பல ஊர்களிலும் உள்ள வழக்கு. வெள்ளம் வந்தபின் பேசினால் அது சண்டையாகவே முடிகிறது. அக்டோபர்க் கூட்டத்திற்கு வருவோர் தத்தம் வீட்டு விதையில் ஒரு கைப்பிடி கொண்டுவந்து மாற்றிக்கொள்ளலாம். ஊராட்சி அலுவலக முற்றத்தில் ஒரு மழைமானி வைத்து நாள்தோறும் அளவைக் குறித்துவந்தால், சில ஆண்டுகளில் அவ்வூருக்கே உரிய பயிர் அட்டவணை ஒன்று கையில் இருக்கும்.

விதையைக் காப்பதில் ஓர் எச்சரிக்கை. முன்பு வெள்ளரி, பயற்று விதைகளை அடுப்பின்மேல் புகை படும்படி கட்டித் தொங்கவிட்டனர். புகை வண்டையும் ஈரத்தையும் தடுத்தது. எரிவாயு அடுப்பு வந்த சமையலறையில் அதே இடத்தில் தொங்கும் விதை ஆவியை வாங்கிப் பூசணம் பிடிக்கிறது. நன்கு உலர்ந்த விதையைச் சலித்த சாம்பலோடு கலந்து, மூடி இறுகிய கண்ணாடிப் புட்டியில் இட்டு, விதையின் பெயரையும் எடுத்த மாதத்தையும் எழுதி ஒட்டி, வெயில் படாத அலமாரியில் வைக்க. ஆனியில் ஒரு முறை திறந்து பத்து விதையை ஈரத்துணியில் முளைக்கட்டிப் பார்த்து, ஏழேனும் முளைத்தால் அதையே விதைக்கலாம்.